துபாய் வேலைக்குப் போகும் தம்பிக்கு: விமானம் ஏறும் முன்பும் அங்கே போன பிறகும் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். தம்பி பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ. முடித்து ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிறார். துபாயில் ஒரு பராமரிப்பு கம்பெனியில் வேலை, மாதம் 2,200 திர்ஹாம், தங்க இடம் உண்டு என்று ஏஜென்ட் சொல்கிறார். 1,20,000 ரூபாய் கேட்கிறார். இப்போதைக்கு விசிட் விசாவில் போகட்டும், அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். போகலாமா, போனால் எதைக் கவனிக்க வேண்டும், சிக்கல் வந்தால் யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஷார்ஜாவில் கட்டுமான, பராமரிப்பு கம்பெனிகளின் எச்.ஆர். (மனிதவள) பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் நான். வந்து இறங்கிய பையன்களின் காகிதங்களை முதலில் பார்ப்பது என் மேசையில்தான் நடக்கும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஐக்கிய அரபு அமீரகத்துச் சட்டம் நம் ஆட்கள் நினைப்பதைவிடத் தொழிலாளிக்கு அதிகம் கொடுக்கிறது. ஆனால் அது என்ன எழுதியிருக்கிறது, எந்தத் தேதியில் எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கொடுக்கும். அதனால் இந்தப் பதில் முழுவதும் காகிதத்தைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் விசிட் விசா விஷயம். விசிட் விசாவில் போய் வேலை தேடலாம், கிடைத்தால் கம்பெனி அங்கிருந்தே வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இதில் தவறில்லை. தவறு எங்கே வருகிறது என்றால், 'காகிதம் வரும்வரை சும்மா ஏன் இருக்கணும், நாளையிலிருந்து சைட்டுக்குப் போ' என்று அனுப்புகிறார்களே, அங்கேதான். வேலை அனுமதி இல்லாமல் ஒருவரை வேலை வாங்கினால் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். சோதனையில் மாட்டினால் தொழிலாளியையும் சும்மா விடமாட்டார்கள். அபராதம், நாடு கடத்தல், திரும்பி வரத் தடை என்று போகும். அந்த நாட்களுக்குச் சம்பளம் வராவிட்டால் கேட்பதற்கும் கையில் ஒரு காகிதம் இருக்காது. ஏணியில் ஏறி வேலை செய்யும் தம்பி அந்த நேரத்தில் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கம்பெனி உண்மையிலேயே ஆள் எடுக்கிறது என்றால் ஊரிலிருக்கும்போதே வேலைக்கான நுழைவு அனுமதி எடுத்து அனுப்ப முடியும். அதைச் செய்ய மாட்டேன் என்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம்.

'ஃப்ரீ விசா' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு கம்பெனி பெயரில் விசா எடுத்துக்கொண்டு, வெளியே எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு விசா இல்லை. யார் பெயரில் அனுமதி இருக்கிறதோ அவரிடம்தான் வேலை செய்ய வேண்டும், அல்லது அங்குள்ள மனிதவள அமைச்சகத்தின் பகுதி நேர அனுமதி தனியாக வாங்க வேண்டும். இந்த வலையில் விழுந்தவர்கள் ஆண்டுதோறும் விசா புதுப்பிக்கக் காசு கட்டியே சம்பாதித்ததை இழப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஏஜென்டின் 1,20,000 ரூபாய். இந்தியாவில் குடியேற்றச் சட்டம் 1983-இன்படி, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். ரசீது தர வேண்டும். அந்தப் பக்கம் அமீரகச் சட்டமும் ஆள் எடுக்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும், நேரடியாகவோ சுற்றி வளைத்தோ தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது என்கிறது. விசா, மருத்துவப் பரிசோதனை, எமிரேட்ஸ் ஐடி (அந்நாட்டு அடையாள அட்டை) எல்லாம் கம்பெனிச் செலவு. இரண்டு நாட்டுச் சட்டமும் ஒரே பக்கம் நிற்கும்போது 1,20,000 என்பது எதற்கு என்று கேட்கத் தயங்காதீர்கள். ஏஜென்டின் பதிவு எண்ணை வாங்கி, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, நேரில் போயும் விசாரிக்கலாம். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம், வேலை பொய்யாகிப் போனால் திரும்பி வருவது மிக மிக அரிது. ஊரில் பத்து பேரை அனுப்பியவர், தெரிந்த ஆள் என்பதெல்லாம் ரசீதுக்கு ஈடாகாது.

தம்பி பத்தாம் வகுப்பு தேறியவர் என்பதால் அவருடைய பாஸ்போர்ட் குடியேற்ற அனுமதி தேவைப்படாத வகையில் இருக்கும். பத்தாவது தேறாத உறவினர் யாராவது போவதாக இருந்தால் கதை வேறு. வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அவர்களுக்குப் பாதுகாவலர் அலுவலக அனுமதி கட்டாயம், பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். இவர்களைத்தான் ஏஜென்டுகள் விசிட் விசாவில் அனுப்பி அந்த அனுமதியைத் தாண்டவைக்கிறார்கள். தாண்டிவிட்டால் காப்பீடும் போச்சு, அரசுப் பதிவும் போச்சு.

சரி, இப்போது முக்கியமான காகிதத்துக்கு வருவோம். கம்பெனி லெட்டர்ஹெட்டில் வாட்ஸாப்பில் வரும் ஆஃபர் லெட்டர் வேறு, அமீரக மனிதவள அமைச்சகத்தின் அதிகாரப்பூர்வ ஆஃபர் லெட்டர் வேறு. இரண்டாவதுதான் செல்லும். அரபியுடனும் ஆங்கிலத்துடனும் தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழி ஒன்றும் அதில் இருக்கும்; அந்த மொழிகளின் பட்டியலில் தமிழும் உண்டு. 'தமிழில் வரும் அமைச்சக ஆஃபர் லெட்டர் அனுப்புங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்' என்று தம்பி தைரியமாகக் கேட்கலாம். பிறகு போடும் ஒப்பந்தம் இந்த ஆஃபரைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

அதில் முதலில் பார்க்க வேண்டியது 2,200 என்ற மொத்தத்தை அல்ல, பேசிக், அதாவது அலவன்ஸ்கள் சேராத அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதை. ஊரில் யாரும் இதைக் கேட்பதில்லை. எவ்வளவு சம்பளம் என்று கேட்பார்கள், எவ்வளவு பிடித்தம் என்று கேட்பார்கள், பேசிக்கை விட்டுவிடுவார்கள். சட்டம் கொடுப்பதில் பெரும்பகுதி பேசிக்கின் மேல்தான் கணக்கு.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2,200-இல் பேசிக் 900, மீதி 1,300 பல அலவன்ஸ்கள் என்று ஒரு கம்பெனி எழுதுகிறது. இன்னொரு கம்பெனி பேசிக் 1,600, அலவன்ஸ் 600 என்று எழுதுகிறது. மாதம் கைக்கு வருவது இரண்டிலும் ஒன்றுதான். வேலை முடிந்து கிளம்பும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி, ஒரு வருடம் முடித்தவர்களுக்கு, முதல் ஐந்து வருடங்களில் வருடத்துக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள் பேசிக். முதல் கம்பெனியில் ஐந்து வருடம் முடித்தால் 3,150 திர்ஹாம், இரண்டாவதில் 5,600. ஓவர்டைம் ஒரு மணி நேரத்துக்குப் பேசிக்கின்படி வரும் கூலியும் அதற்கு மேல் 25 சதவீதமும். முதலாவதில் மணிக்கு 4.69, இரண்டாவதில் 8.33. இரவு 10 மணியிலிருந்து அதிகாலை 4 மணிக்குள் ஓவர்டைம் என்றால் 25-க்குப் பதில் 50 சதவீதம், ஷிஃப்ட் முறையில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. வேலையை விடும்போது எடுக்காத விடுமுறைக்குக் கிடைக்கும் காசும் பேசிக்கில்தான். வேலை போனால் கிடைக்கும் காப்பீடும் அப்படியே. அதனால் ஏஜென்டிடம் பேரம் பேச வாய்ப்பிருந்தால் மொத்தத்தை 100 திர்ஹாம் கூட்டச் சொல்வதைவிட, பேசிக்கை உயர்த்தி எழுதச் சொல்லுங்கள்.

மற்ற விவரங்களை வேகமாகச் சொல்கிறேன். இப்போது நடப்பில் இருப்பது 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம், 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது. புரொபேஷன், அதாவது ஆளைச் சோதித்துப் பார்க்கும் காலம், ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் பொதுவாக நாளுக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வருடம் முடிந்தால் 30 நாள் சம்பளத்தோடு விடுமுறை. புரொபேஷன் முடிந்த பிறகு நோய் விடுப்பு வருடத்துக்கு 90 நாள்: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மீதி 45 நாள் சம்பளம் இல்லை. மருத்துவக் காப்பீடு துபாயிலும் அபுதாபியிலும் முன்பே கட்டாயம், 2025 ஜனவரி 1 முதல் எல்லா எமிரேட்டிலும் கட்டாயமாகிவிட்டது. அதையும் கம்பெனிதான் எடுக்க வேண்டும்.

தம்பி ஏ.சி. வேலை என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் நேரடியாக வேலை வாங்கக் கூடாது. மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட் சர்வீஸ் செய்வது இதில் வரும். மீறினால் கம்பெனிக்கு ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹாம் வீதம் அபராதம். 'வாடிக்கையாளர் கத்துகிறார், பத்தே நிமிஷம்தான், ஏறிடு' என்று மேஸ்திரி சொன்னாலும் ஏற வேண்டியதில்லை. அந்த வெயிலில் தலைசுற்றி மாடியிலிருந்து விழுந்தவர்களைப் பற்றி வீட்டாருக்குப் போன் செய்வது எந்த எச்.ஆர். ஆளுக்கும் வரக்கூடாத வேலை. தம்பியிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். விசா ஸ்டேட்டஸ் மாற்றவும் பதிவுக்கும் சில நாள் தேவைப்படும், கொடுக்கலாம். அந்தப் பதிவு வேலை முடிந்ததும் பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேட்க வேண்டும். தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று சட்டத்தில் நேராகவே எழுதியிருக்கிறது. 'பாதுகாப்புக்காக நானே கொடுத்து வைக்கிறேன்' என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதில் கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது. அதோடு கிளம்பும் முன்பே பாஸ்போர்ட், ஆஃபர் லெட்டர், நுழைவு அனுமதி மூன்றின் படமும் உங்கள் போனில் இருக்க வேண்டும். பிறகு ஒப்பந்தம், எமிரேட்ஸ் ஐடி, காப்பீட்டு அட்டை வர வர அவற்றையும் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தால் உங்கள் போனில் இருக்கும் அந்தப் படம்தான் வேலை செய்யும்.

சம்பளம் பேங்க் வழியாக அல்லது சம்பள அட்டை வழியாகத்தான் வர வேண்டும். 2009-லிருந்து ஊதியப் பாதுகாப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. எந்தக் கம்பெனி யாருக்கு எவ்வளவு போட்டது என்பது அமைச்சகத்துக்குத் தெரியும். கெடு தேதி தாண்டி 15 நாளுக்குள் வரவில்லை என்றால் கம்பெனி தாமதம் செய்ததாகவே கணக்கு. சில இடங்களில் அட்டையில் முழுச் சம்பளம் போட்டுவிட்டு, ஒரு பகுதியை ரொக்கமாகத் திரும்பக் கொடுக்கச் சொல்வார்கள். கொடுத்தால் ஆதாரம் முழுக்கக் கம்பெனி பக்கம் போய்விடும். கேட்கும்போதே மெசேஜில் கேட்கவைத்தால் உங்களிடமும் ஏதோ ஒன்று இருக்கும்.

வேலை பிடிக்கவில்லை, வேறு நல்ல இடம் கிடைத்தது என்றால்? இங்கேதான் பையன்கள் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். புரொபேஷனில் இருக்கும்போது அமீரகத்துக்குள்ளேயே வேறு கம்பெனிக்குப் போக வேண்டும் என்றால் எழுத்தில் 30 நாள் நோட்டீஸ், ஆள் எடுத்த செலவைப் புதுக் கம்பெனி பழைய கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். ஊருக்கே திரும்புவது என்றால் 14 நாள் நோட்டீஸ். புரொபேஷன் முடிந்த பிறகு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் நோட்டீஸ், அது 30 நாளிலிருந்து 90 நாளுக்குள் இருக்கும். முன்பெல்லாம் ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி குறையும். இப்போதைய சட்டத்தில் ராஜினாமா செய்தாலும் ஒரு வருடம் முடித்திருந்தால் முழுதாக உண்டு.

ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் கேம்பை (தொழிலாளர் தங்கும் இடத்தை) விட்டுப் போய்விடக் கூடாது. தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் காரணமில்லாமல் வராவிட்டால் நோட்டீஸ் இல்லாமலே நீக்கலாம். வேலையை விட்டு ஓடிவிட்டார் என்ற அப்ஸ்கான்டிங் புகாரும் விழும். சட்டப்படி இல்லாமல் வேலையை விட்டவருக்கு ஒரு வருடம் புது வேலை அனுமதி கிடைக்காது. சம்பளம் மூன்று மாதம் வராமல் கோபத்தில் வெளியேறியவர்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது, காரணம் அவர்கள் முதலில் புகார் செய்யவில்லை. முதலில் புகார், அப்புறம் மற்றதெல்லாம். அமைச்சகத்தின் செயலியிலோ 80084 என்ற எண்ணிலோ புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். 50,000 திர்ஹாமுக்கு மேல் போகாத தகராறுகளில் அமைச்சகமே முடிவு எடுத்துவிட இப்போது அதிகாரம் இருக்கிறது. பெரும்பாலான தொழிலாளிகளின் பாக்கி இதற்குள்ளேயே அடங்கும். அதற்கு மேல் என்றால் கோர்ட்டுக்கு அனுப்புவார்கள், 1 லட்சம் திர்ஹாம் வரையிலான தொழிலாளர் வழக்குக்குக் கோர்ட் கட்டணமும் கிடையாது. வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்திச் சொல்வது விசா கேன்சல் செய்யும் நாளைப் பற்றி. அன்று ஒரு காகிதம் நீட்டுவார்கள். எனக்கு வரவேண்டிய எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன் என்று அதில் எழுதியிருக்கும். 'கையெழுத்துப் போடு, செட்டில்மெண்ட் அடுத்த வாரம் அக்கவுண்டில் விழும்' என்பார்கள். சட்டப்படி வேலை முடிந்து 14 நாளுக்குள் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்கு வந்து, வரவில்லை என்று சொல்பவரை அமைச்சகம் எப்படி நம்பும்? நிறைய நல்ல உழைப்பாளிகள் தங்கள் கிராஜுவிட்டியை இழந்தது இந்த ஒரு கையெழுத்தில்தான். பணம் அக்கவுண்டில் விழுந்த பிறகுதான் கையெழுத்து. அவசரம் என்றால் 'பணம் இன்னும் வரவில்லை' என்று கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியோடு எழுதி அதைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் புகாருக்குப் போகலாம். கேன்சல் ஆன பிறகு நாட்டில் இருக்கத் தரும் கெடு நாள் அந்தக் கேன்சலேஷன் காகிதத்திலேயே இருக்கும். அதைத் தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம்.

வேலை இழப்புக் காப்பீடு என்று 2023 ஜனவரியிலிருந்து ஒன்று வந்திருக்கிறது. பேசிக் 16,000 திர்ஹாமுக்குள் இருந்தால் மாதம் 5 திர்ஹாம்தான். கட்டாயம், எடுக்காவிட்டால் 400 திர்ஹாம் அபராதம். இதைக் கம்பெனி எடுக்கும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள், தொழிலாளிதான் எடுக்க வேண்டும். 12 மாதம் கட்டியிருந்து கம்பெனி நீக்கினால் பேசிக்கில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை வரும். தானாக ராஜினாமா செய்தால் வராது.

கடன் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சம்பளம் மூன்று மாதம் ஒழுங்காக விழுந்ததும் பேங்க் ஏஜென்டுகள் போன் செய்ய ஆரம்பிப்பார்கள். சம்பளத்தைப் போல 20 மடங்கு வரை, 48 மாதத் தவணையில் கடன் கொடுக்கலாம் என்று அங்குள்ள மத்திய வங்கி வரம்பு வைத்திருக்கிறது. தங்கைக்குக் கல்யாணம், வீடு கட்டுவது என்று எடுத்துவிடுவார்கள். வாங்கும்போது ஒரு செக் வாங்கிக்கொள்வார்கள். 2022 ஜனவரியிலிருந்து, கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்புவது பெரும்பாலும் குற்ற வழக்காவதில்லை. 'இனி செக் பயம் இல்லை' என்று பலர் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டார்கள். குற்ற வழக்கு இல்லாவிட்டாலும் அந்தச் செக்கை வைத்து நேராக வசூல் நடவடிக்கைக்குப் போகலாம், கணக்கை முடக்கலாம், பயணத் தடை வாங்கலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குக் கிளம்பியவர் விமான நிலையத்தில் நிற்பது இப்படித்தான். வேலை போகும்போது கம்பெனி போடும் செட்டில்மெண்ட் பணத்தையும் பேங்க் முதலில் பிடித்துக்கொள்ளும். நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்து, தன் பெயரில் எடுத்த சிம் கார்டை அறையில் இருப்பவருக்குக் கொடுப்பது, பேங்க் கார்டை இரவல் கொடுப்பது இவை மூன்றும் கூடவே கூடாது. மோசடிக்கு அந்த சிம் பயன்பட்டால் போலீஸ் வருவது அதன் பெயர்க்காரரைத் தேடித்தான்.

ஊரிலிருந்து கொண்டுபோகும் பெட்டியைப் பற்றி வீட்டுப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள், போதைப் பொருள் கணக்கில் வரும். குருமாவுக்கு என்று அம்மா அரைத்துக் கொடுக்கும் மசாலாப் பொடியில் அது இருந்தாலும் சிக்கல்தான். தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. மருந்துகளில் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, அல்பிரசோலம், பிரிகாபலின் போன்றவை கட்டுப்படுத்தப்பட்டவை. டாக்டர் சீட்டு இருந்தாலும் அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் முன் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எடுத்துப் போக வேண்டும். முதுகு வலிக்கு ஊரில் எந்த மாத்திரை கொடுத்தார்கள் என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். யாரோ 'எங்க பையனுக்கு இதைக் கொடுத்துடுங்க' என்று தரும் பொட்டலம் கூடவே கூடாது, தெருக்கோடி வீட்டுக்காரராக இருந்தாலும் சரி.

வாட்ஸாப்பில் கோபத்தில் திட்டுவது அங்கே வழக்காகலாம். இன்னொருவரை, விபத்தை, அனுமதி இல்லாமல் படம் எடுத்துப் பரப்புவதும் அப்படியே. நல்ல மனதோடு செய்து மாட்டிக்கொள்ளும் விஷயம் ஒன்று இருக்கிறது: அறை நண்பருக்கு ஆபரேஷன் என்றோ, சக ஊழியர் இறந்துவிட்டார் என்றோ குழுவில் போட்டுப் பணம் திரட்டுவது. அனுமதி பெற்ற அமைப்புகள் தவிர வேறு யாரும் பொதுவில் நன்கொடை திரட்டக் கூடாது என்று 2021-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். உதவி தேவை என்றால் இந்தியத் தூதரகத்திடம் போகலாம். சிக்கலில் இருக்கும் இந்தியர்களுக்கென்று ஒரு நல நிதி அவர்களிடம் இருக்கிறது. ஷார்ஜாவில் மது முழுக்கத் தடை என்பதையும் சொல்லிவிடுகிறேன். துபாயில் வேலை, ஷார்ஜாவில் அறை என்று இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இந்தியப் பக்கம் இரண்டு மூன்று வேலை. வேலைக்காக வெளிநாட்டில் தங்கப் போகிறவர் ஊரில் வைத்திருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு ஒன்று திறந்தால் அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அப்பா கணக்குக்கு நேராக அனுப்புவதிலும் தவறில்லை. உண்டியலில், அதாவது பேங்க் வழியாக இல்லாமல் ஆள் மூலம் கைமாற்றும் முறையில், மட்டும் அனுப்பக் கூடாது. இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும் என்பார்கள், ஆனால் நாளை இடம் வாங்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது, சட்டப்படி குற்றமும்கூட. இடம் என்றதும் இன்னொன்று: வெளிநாடுவாழ் இந்தியர் மனை வாங்கலாம், வீடு வாங்கலாம், விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வரும் நிலத்தை வைத்துக்கொள்ளலாம். ஊரில் இது தெரியாமல் வயல் வாங்குபவர்கள் ஏராளம். பத்திரப் பதிவுக்காகத் தம்பி உங்களுக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பதாக இருந்தால், அங்கே இந்தியத் தூதரகச் சான்றோடு எழுதி அனுப்பியதை இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தி முறைப்படுத்த வேண்டும்.

கடைசியாகப் பேச மனம் வராத ஒரு விஷயம், ஆனால் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வேலையில் ஏற்படும் காயத்துக்கு வைத்தியச் செலவு கம்பெனியுடையது. வேலையால் உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 24 மாத பேசிக் இழப்பீடு, 18,000 திர்ஹாமுக்குக் குறையக் கூடாது, 2 லட்சத்துக்கு மிகக் கூடாது. உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் கம்பெனியுடையதுதான். இவற்றோடு கிராஜுவிட்டியும் சேரும். 'கம்பெனி பெரிய மனசு பண்ணி ஏதோ கொடுத்தது' என்று குடும்பங்கள் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். உரிமையாக வருவது எவ்வளவு என்று கணக்குக் கேட்ட பிறகே போட வேண்டும்.

உதவிக்கு: துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா, 800 46342, கட்டணமில்லாத எண். சட்ட ஆலோசனையும் அங்கே கிடைக்கும். புகாரை எழுத்தில் பதிய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளம் இருக்கிறது, ஊரிலிருந்து நீங்களே தம்பிக்காகப் பதியலாம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம் சென்னையில் இருக்கிறது. போகும் முன்பே தம்பி அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: ஏஜென்டுக்கு இன்னும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அவருடைய பதிவு எண்ணையும், அமைச்சகத்தின் தமிழ் ஆஃபர் லெட்டரையும் கேளுங்கள். ஒரு வாரத்தில் இரண்டும் வந்தால், பேசிக் எவ்வளவு, நோட்டீஸ் எத்தனை நாள், வேலையின் பெயர் என்ன என்று போட்டிருக்கிறார்கள் என்பதை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். வரவில்லை என்றால் அந்த 1,20,000 ரூபாயைக் கொடுக்காமல் வேறு கம்பெனியைத் தேடலாம். ஏ.சி. மெக்கானிக்குக்கு அந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமே இல்லை.